தோட்டத்து வாசலில் தொங்கிய பதாகை

தகுதியுள்ள ஒரு பெண் வழக்கறிஞர் ஆவதை நான் ஓராண்டுக்கு மேல் தடுத்து வைத்தேன். காரணம் பொறாமை. காட்டிய காரணம் விதி. விதிகள் அப்போது என் கையில் இருந்தன. அவளுடைய அப்பா அந்தப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். போட்டுக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்தில் நான் மலேசியாவில் எங்கள் மாநில வழக்கறிஞர் குழுவின் தலைவர். குழுவின் வேலையில் பெரும்பகுதி சலிப்பூட்டுவது. நீதிமன்ற நூலகத்தில் குளிர்சாதனம் கெட்டுப்போயிருக்கும். கட்சிக்காரரின் தொலைபேசியை எடுக்காத வழக்கறிஞர்மேல் புகார் வரும். ஆண்டுக் கூட்டத்துச் சாப்பாட்டை எந்த ஓட்டலில் சொல்வது என்று ஒரு மணி நேரம் வாதாடுவோம். ஒரே ஒரு வேலையில்தான் ஒரு மனிதரின் பிழைப்பு நேராக எங்கள் கைக்கு வரும். சட்டம் படித்து முடித்தவர்கள் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெற்று, பிறகு தங்களை வழக்கறிஞராக ஏற்கச் சொல்லி உயர்நீதிமன்றத்தில் மனுப்போடுவார்கள். மனுப்போட்டவர் நாணயமானவரா, இந்தத் தொழிலுக்குத் தகுந்தவரா என்று நாங்கள் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது ஒரு சடங்கு. ஒரு தேநீர், ஒரு வேடிக்கைப் பேச்சு, கைகுலுக்கல். ஏற்கும் நாளில் குழுவின் சார்பில் ஒருவர் எழுந்து மலாயில் “தியாடா பந்தாஹான்” என்பார். ஆட்சேபம் இல்லை என்று பொருள். நீதிபதி உத்தரவு சொல்வார். மூத்தவர் புதியவரின் தோளில் கறுப்பு அங்கியைப் போடுவார். பின் வரிசையில் அம்மாக்கள் அழுவார்கள். பிறகு படிக்கட்டில் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த வார்த்தைகளை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதே மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பெண் லுக்குட் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் செம்பனைக்குலை வெட்டுபவரின் மகள். நான் பிறந்ததும் அதே தோட்டம்தான். ஆனால் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அல்ல, மேட்டில் இருந்த கிராணி வீட்டில். அப்போது அது ரப்பர் தோட்டம், என் அப்பா அங்கே கிராணி. கணக்கு எழுதுவதும், ரப்பர் பால் நிறுப்பதும், யாருக்கு நாள் சம்பளம் வெட்டுவது என்று வெள்ளைக்காரத் துரைக்குச் சொல்வதும் அவர் வேலை. பாலில் பட்டையோ குப்பையோ மிதந்தால் வாளியைக் காலால் தள்ளிவிடுவார். பக்கத்தில் நின்று நான் பார்த்திருக்கிறேன், சிரித்தும் இருக்கிறேன். அவளுடைய அப்பாவும் என் வயதுக்காரர்தான். தன் அம்மாவின் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையில் நிற்பார். நாங்கள் சேர்ந்து விளையாடியதில்லை. விளையாடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

நான் சிரம்பானில் படித்து, பிறகு லண்டனில் படித்து, திரும்பி வந்து ரஹாங்கில் வீடு கட்டிக்கொண்டேன். போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகும்போது தோட்டத்து வாசலைக் காரில் கடப்பேன். உள்ளே திரும்பியதில்லை. தோட்டத்தை வீட்டு மனைகளாக விற்கப்போகிறார்கள், லயத்தைக் காலி செய்யுங்கள் என்று அறிவிப்பு வந்தபோது அவளுடைய அப்பா இன்னும் இரண்டு பேரோடு என் அலுவலகத்துக்கு வந்தார். நான் கோர்ட்டில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். செருப்பைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுக் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின் படி வழியாக இறங்கிச் சாப்பிடப் போனேன்.

அடுத்த ஆண்டு கோவில் திருவிழாச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் மனைவியும் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தோம். தோட்டத்து வாசலில் தென்னங்குருத்துத் தோரணமும் கலர் விளக்கும் கட்டியிருந்தார்கள். இரண்டு செம்பனை மரங்களுக்கு இடையில் ஒரு பெரிய பதாகை. வழக்கறிஞர் உடையில் ஒரு பெண்ணின் படம். கீழே: “எங்கள் தோட்டத்தின் முதல் வழக்கறிஞருக்கு வாழ்த்துகள்.”

மனைவி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“உங்க தோட்டந்தானே இது?”

“ம்.”

“முதல் வழக்கறிஞராமே. அப்ப நீங்க யாராம்?”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது காரை ஓரமாக நிறுத்தி இறங்கி, அந்தப் பதாகையைக் கைப்பேசியில் படம் எடுத்தேன். “எதுக்கு?” என்றாள் மனைவி. “சும்மா” என்றேன்.

அந்தப் பெண்ணின் மனு அடுத்த மாதம்தான் விசாரணைக்கு வர இருந்தது. அதாவது அவள் இன்னும் வழக்கறிஞர் இல்லை. ஏற்கப்படுவதற்கு முன் தன்னை வழக்கறிஞர் என்று காட்டிக்கொள்வது குற்றம். அந்த விதி மோசடிக்காரர்களைப் பிடிக்க எழுதப்பட்டது. அவள் அப்படிப்பட்டவள் அல்ல என்பதற்கு அந்தப் படமே போதும். பட்டமளிப்பு விழாவில் எடுத்த அவளுடைய முகத்தை, பதாகை அடித்த லுக்குட் கடைக்காரர் வேறு யாரோ ஒரு வக்கீலின் உடம்பில் ஒட்டியிருந்தார். அது ஓர் ஆணின் உடம்பு. தடித்த மணிக்கட்டில் ஆண்பிள்ளைக் கடிகாரம் இருந்தது. எந்த நாட்டு அங்கியோ, எங்கள் நீதிமன்றத்து அங்கியும் இல்லை. பார்த்தவர்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். நம்மவர்கள் பிள்ளை பாஸ் செய்தால் பதாகை கட்டுவார்கள், கட்டாமல் இருக்க முடியாது. நான் இதெல்லாம் தெரிந்தே புகாரை என் கையால் எழுதினேன்.

அதே மாதம் எங்கள் முன் இன்னொரு விஷயமும் இருந்தது. மேல்முறையீட்டுக் கெடுவை மறந்துபோன ஒரு வழக்கறிஞரால் ஒரு விதவைக்கு வீடு போயிருந்தது. அவர் எங்களோடு கோல்ஃப் ஆடுபவர். இனிக் கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தி முடித்துவிட்டோம்.

குழுவின் அறை சிரம்பானில் கடை வரிசை ஒன்றின் மாடியில் இருந்தது. என்னோடு இரண்டு உறுப்பினர்கள், ஒருவர் சீனர், ஒருவர் மலாய்க்காரர். இருவருக்கும் தமிழ் தெரியாது. அதனால்தான் அவளிடம் தமிழில் கேட்டேன். படத்தை அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தேன்.

“இது யாரும்மா?”

“நான்தான் சார். முகம் மட்டும்.”

“முகம் மட்டும். அப்ப இந்தக் கை?”

அவள் குனிந்து படத்தைப் பார்த்தாள்.

“நல்லா முடி மொளச்ச கையா இருக்கே. உங்க வீட்டுல எல்லாருக்கும் இப்படித்தானா?”

அவள் தன் கைகளை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டாள்.

“யாரு கட்டுனது?”

“அப்பா சார். திருவிழாவுக்கு. எனக்கு முன்னாடி தெரியாது. பாத்தவொடனே எறக்கச் சொன்னேன்.”

“எறக்குனாரா?”

“திருவிழா முடியட்டும்னு சொன்னாரு சார்.”

“நீ சொன்னா உங்கப்பாவே கேக்க மாட்டாரு. ஜட்ஜ் கேப்பாரா?”

சீன உறுப்பினர் என்ன பேசுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பதாகை இருந்தது தனக்குத் தெரியும், அது தொடர்ந்து தொங்கியதும் தெரியும் என்று ஒப்புக்கொள்கிறாள் என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் உதட்டைப் பிதுக்கிக் குறித்துக்கொண்டார்.

“சார், அப்பாவுக்கு இந்த ரூல்ஸெல்லாம் தெரியாது. ஆசையில செஞ்சிட்டாரு.”

“ஆசைப்படலாம்மா. லயத்துல இருக்கறவங்க ஆசைப்படக் கூடாதுன்னு யாரும் சொல்லல. அத ரோட்டுல தொங்கவிடக் கூடாது.”

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். “சாரும் எங்க தோட்டத்துல பொறந்தவருன்னு அப்பா சொல்லியிருக்காரு.”

“அத பேனர்ல போட்டாரா?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. பிறகு “இல்ல சார்” என்றாள். அதற்கப்புறம் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் ஓரிரு சொல்லில் பதில் சொன்னாள்.

ஆட்சேபத்தை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அவளுடைய சீனியருக்கு விசாரணைக்கு முதல்நாள் மாலை, அலுவலகம் மூடும் நேரத்தில் தெரிவித்தேன். கோர்ட்டுக்கு வரத் தோட்டத்தில் வேன் பேசியாகிவிட்டது. எப்படியும் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று சீனியர் நம்பினார் போலிருக்கிறது. எல்லோரும் வந்துவிட்டார்கள்.

பின் வரிசைகளில் பட்டுப் புடவைகள். நடுவில் அவளுடைய அப்பா, வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, பையில் மாலை. கோர்ட்டுக்குள் அதை வெளியே எடுக்கக் கூடாது என்று வாசலில் போலீஸ்காரர் சொல்லியிருப்பார். சீனியர் எழுந்து, இந்த மாதிரி நாளில் எல்லோரும் செய்வதுபோல அவள் கதையைச் சொன்னார். அப்பா குலை வெட்டுபவர், அம்மா களைமருந்து அடிப்பவர், மகள் பேருந்தில் போய்ப் படித்தவள். நீதிபதி புன்னகை செய்தார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபம் இல்லை என்றார். அடுத்து என் முறை.

நான் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். தோட்டத்திலிருந்து வந்தவர்களில் பாதிப்பேருக்குப் புரிந்திருக்காது, வெளியே போய் அவளே பக்குவமாகச் சொல்லியிருப்பாள். நான் எல்லோருக்கும் புரியும் மலாயில் சொன்னேன். “ஆடா பந்தாஹான், யாங் ஆரிஃப்.” ஆட்சேபம் இருக்கிறது, கனம் நீதிபதி அவர்களே. மனுதாரரின் தந்தை தோட்டத்து வாசலில் கட்டிய பதாகையைப் பற்றியும் மலாயிலேயே விவரித்தேன். பட்டுப் புடவைகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின.

அவர் எழுந்து நின்றார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் உட்காரும்படி கையைக் காட்டினார், அவர் உட்காரவில்லை. “சாயா யாங் சாலா, துவான்,” என்றார். தப்பு என்னுடையது, ஐயா. நீதிபதி நல்லவர். பொறுமையாக உட்காரச் சொல்லிவிட்டு, குழுவின் விசாரணை முடியும்வரை மனுவை ஒத்திவைத்தார்.

படிக்கட்டில் அவர்கள் கூட்டமாக நின்றார்கள். ஒரு பெண்ணின் குரல் கேட்டது. “பேசாம இருந்திருக்கலாம்லா மாமா. பேனரு பேனருன்னு ஆடுன. இப்ப பாரு, புள்ள தலையில மண்ணப் போட்டாச்சி.” அவர் கையில் அந்தப் பை அப்படியே இருந்தது. நான் இறங்கி வருவதைப் பார்த்ததும் பக்கத்தில் நின்றவர்களைக் கையால் ஒதுக்கினார்.

“நவுருங்க, ஐயா போகட்டும்.”

அவர்கள் நகர்ந்தார்கள். நான் போனேன்.

ஒரு விசாரணையை முடியாமல் வைத்திருப்பது எப்படி என்று குழுவில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கூட்டத்துக்கு ஆள் போதாது. ஒருவர் வெளிநாடு போயிருப்பார். இன்னொரு விளக்கம் கேட்டு எழுத வேண்டியிருக்கும், அது வந்த பிறகு அதற்கு ஒரு விளக்கம். அந்த நாளெல்லாம் அவள் சீனியரின் அலுவலகத்தில் கோப்பு தூக்கிக்கொண்டிருந்தாள். நீதிமன்ற நடையில் எதிரே வந்தால் “குட் மார்னிங் சார்” என்பாள். வெளியேற்றத்தை எதிர்த்து லய மக்கள் போட்ட வழக்கை வேறு யாரோ நடத்தினார்கள். கடைசியில் அந்த மக்கள் நிர்வாகம் கொடுத்த அடுக்குமாடி வீட்டை வாங்கிக்கொண்டு லயத்தைக் காலி செய்தார்கள். முடிவில் மலாய் உறுப்பினர்தான் ஒரு கூட்டத்தில் சலித்துக்கொண்டார், “ஒரு பதாகைக்காக இன்னும் எத்தனை நாள்?” என்று. எனக்கும் அதற்குள் ருசி போய்விட்டிருந்தது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது தடவையும் நானே போய் “தியாடா பந்தாஹான்” என்றேன். பின் வரிசையில் அவளுடைய அம்மாவும் இன்னும் ஓரிருவரும். பட்டுப் புடவை இல்லை. அவளுடைய அப்பா இல்லை. தான் வந்தால் மறுபடி ஏதாவது ஆகிவிடும் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டாராம். சீனியர் கேன்டீனில் சொன்னார். பிறகும் அவர் மகளின் எந்த நல்ல காரியத்திலும் முன்னால் வந்து நிற்கவில்லை. அவள் சொந்தமாக அலுவலகம் திறந்த நாளில் கீழே மோட்டார் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நின்றார். கல்யாணத்தில் பந்திப் பக்கமே இருந்தார், மேடைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. இவையெல்லாம் அவ்வப்போது என் காதுக்கு வந்தன. ஒரே வாக்கியத்தில் அவரை விடுவித்திருக்கலாம். நான் சொல்லவில்லை. சொன்னால் அந்த வாக்கியத்தில் நான் இருப்பேன்.

தொழிலை விட்ட பிறகு மனைவி இறந்தாள். வீட்டில் பேச ஆள் இல்லாதபோது அவள் காரில் கேட்ட கேள்விதான் அடிக்கடி ஞாபகம் வந்தது. அப்ப நீங்க யாராம்? முதலில் நான் எனக்குத் தெரிந்த வழியில் போனேன். என்மேல் நானே குழுவுக்குப் புகார் எழுதினேன். நான் இப்போது தொழில் செய்யவில்லை, ஆகையால் நடவடிக்கை எடுக்க இடமில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. விதிப்படி அது சரி. அந்தக் குழுவில் அப்போது அந்தப் பெண்ணும் ஓர் உறுப்பினர். நான் தலைவராக இருந்தாலும் அதே பதிலைத்தான் எழுதியிருப்பேன்.

பிறகுதான் அவளுடைய அப்பாவைப் பார்க்கப் போனேன். லுக்குட்டுக்கு வெளியே அந்த அடுக்குமாடி வீடு. அவர் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் கூப்பிட்டும் போகாமல் தனியாக இருந்தார். கதவைத் திறந்து கொஞ்சம் பார்த்தார்.

“கிராணி மவன்தானே. உள்ள வாங்க ஐயா.”

மைலோ கலக்கிக் கொடுத்தார். நான் குடிக்காமலே சொன்னேன். பதாகையில் குற்றம் எதுவும் இல்லை என்றேன். முதல் வழக்கறிஞர் என்று போட்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் செய்தேன், வேண்டுமென்றே இழுத்தேன் என்றேன். கோர்ட்டில் பேசுவதுபோல வரிசையாகச் சொன்னேன், எனக்கு வேறு மாதிரிப் பேச வராது.

“அப்ப பேனரால இல்லியா?”

“இல்ல.”

“உங்கள போடணும்னு எனக்குத் தோணவே இல்ல ஐயா,” என்றார். குத்திச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்துச் சொன்னார். “அங்க யாருக்குமே தோணல.”

பிறகு வெகு நேரம் தன் முழங்காலையே தடவிக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் போயிருக்கலாம்.”

“எங்க?”

“ரெண்டாவது தடவ. கோர்ட்டுக்கு.”

மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நான் எழுந்தபோது, “இப்பயும் அந்த மாதிரி நடக்குதா? வேற புள்ளைங்களுக்கு?” என்றார். நடக்கிறது என்றேன். “ஒரு நாளு என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா? சும்மா பாக்கறதுக்கு.”

சில வாரம் கழித்து நானே காரில் அழைத்துப்போனேன். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான்வரை. யாரோ ஒரு சீனப் பையனை ஏற்கும் நாள். நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். குழுவின் சார்பில் வந்திருந்தது அவள்தான். கோப்பைப் பிரிக்கும்போது திரும்பிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள், பக்கத்தில் என்னையும் பார்த்தாள். முறை வந்ததும் எழுந்து, “தியாடா பந்தாஹான், யாங் ஆரிஃப்,” என்றாள். நீதிபதி உத்தரவு சொன்னார். பையனின் தோளில் அங்கியைப் போட்டார்கள். அவன் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவர் என் பக்கம் சாய்ந்தார். “இவ்ளோதானா?”

“இவ்வளவுதான்.”

“ஒரு டீ குடிக்கிற நேரங்கூட ஆவலியே.” பையனின் அங்கியைப் பார்த்துக்கொண்டே, “அவளுக்கு யாரு போட்டுவிட்டா அந்தக் கோட்ட?” என்றார்.

“அவ சீனியர்.”

தலையை ஆட்டிக்கொண்டார்.

அவள் வெளியே நடையில் காத்திருந்தாள். “அப்பா, நான் வீட்டுல விடுறேன், வாங்க,” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னிடம் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

“உங்களாலதான்னு அந்த ரூம்லயே எனக்குத் தெரியும் சார். அப்பாகிட்ட எத்தனையோ தடவ சொல்லிட்டேன், பேனரால இல்லப்பான்னு. ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனச்சாரு. நம்பவே இல்ல. கிராணி மகன் வந்து சொன்னதும் நம்பிட்டாரு. தன் தப்புன்னு நெனச்சுட்டு அதோட இருக்கப் பழகியிருந்தாரு. இப்ப எப்ப போன் பண்ணாலும் அதே பேச்சுதான். நான் போயிருக்கலாம், போயிருக்கலாம்னு. உங்களுக்கு மனசு லேசாயிருக்கும். இனிமே அவரைப் பாக்க வராதீங்க.”

சரி என்றேன். நடை குறுகலானது, முன் படிக்கட்டுக்கு அவர்களைக் கடந்துதான் போக வேண்டும். நான் நகர்ந்ததைப் பார்த்து அவர் சுவரோரமாக ஒதுங்கினார். மகளின் கையையும் மெல்ல இழுத்தார்.

“நவுரும்மா, ஐயா போகட்டும்.”

அவள் நகரவில்லை. நான் வந்த வழியே திரும்பிப் பின் படி வழியாக இறங்கினேன்.